எசேக்கியேல் புக்கரிட்ஜின் அடக்கம்

மெர்வின் புக்கரிட்ஜ் எங்கள் வொர்ராபின் நகர மன்றத்தில் உறுப்பினர். கழுத்து என்ற ஒன்று இல்லாமலே எழுபது வயதைத் தாண்டியவன். ஊரில் எல்லோருக்கும் முன்னோர் உண்டு. ஆனால் தனக்கு இருப்பவர்தான் அசல், மற்றவர்களுடையது மலிவுச் சரக்கு என்பது அவன் எண்ணம்.

அவனுடைய கொள்ளுத்தாத்தா எசேக்கியேல், தபால் வண்டி ஓட்டியவர். அறுபத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில், அதாவது போன நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், தபால் மூட்டையைக் காப்பாற்ற ஆற்றில் குதித்து உயிரை விட்டார் என்பது குடும்பக் கதை. சாதாரண வெள்ளம் அல்ல அது. வடிந்தபோது ஆடுகள் எல்லாம் யூகலிப்டஸ் மரக்கிளைகளில் நின்றன. அந்த வருஷம் ஏணி போட்டுத்தான் ரோமம் கத்தரித்தார்கள்.

இப்போது அதே ஆற்றில் புதுப் பாலம் கட்டியிருந்தார்கள். அதற்கு எசேக்கியேல் பெயரை வைத்துவிட வேண்டும் என்று மெர்வினுக்கு வெறி. மன்றமோ, உயிரோடு இருப்பவர் பெயரைப் பாலத்துக்கு வைப்பதில்லை. முன்பு அப்படிப் பெயர் வைக்கப்பட்ட ஒருவர் ஆடு திருடி ஜெயிலுக்குப் போனதிலிருந்து இறப்புச் சான்று கேட்கிறது. ஆகவே ஊர் வரலாற்றுச் சங்கத்தில் கணப்பின் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தான்.

“யோவ் கிளாரி, தாத்தா செத்ததுக்கு ஒரு காகிதம் கண்டுபிடிச்சுக் கொடு.”

“செத்தது நிச்சயம்தானா?”

“நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. சாகாம பின்ன?”

“உங்க வம்சத்தைப் பத்தி எதையும் உறுதியாச் சொல்ல முடியாதுப்பா.”

முதலில் பழைய செய்தித்தாளைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் பிணம் கிடைத்தால் சாராயக்கடைக்குத்தான் கொண்டுபோவார்கள். ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அதன் நிலவறைதான். சாவு விசாரணைக்கு வேண்டிய நடுவர்களும் அங்கேயே ரெடியாகக் குடித்துக்கொண்டிருப்பார்கள். முகத்தை மீன் தின்றிருந்த பிணம் ஒன்றை அப்படித்தான் கிடத்தியிருந்தார்கள். எசேக்கியேலின் மனைவி ஹன்னா வந்தாள். துணியை விலக்கினாள். “என் புருஷன்தான்” என்றாள். பூட்ஸைக் கழற்றிக் கொடுக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். விதவை துக்கத்தை மிகுந்த நிதானத்தோடு தாங்கினார் என்று எழுதியிருந்தது பத்திரிகை. அவ்வளவு நிதானம் எப்படி வந்தது என்று எவனும் கேட்கவில்லை.

பிறகு தலைநகரிலிருந்து இறப்புச் சான்றின் நகல் வந்தது. எங்கள் நாட்டு இறப்புச் சான்றைப் போல வம்பு பிடித்த காகிதம் உலகத்தில் கிடையாது. செத்தவன் எங்கே பிறந்தான், யாரைக் கட்டினான், பிள்ளைகள் எத்தனை, எந்தப் போதகர் அடக்கம் செய்தார், பக்கத்தில் நின்று பார்த்த சாட்சிகள் யார் என்று எல்லாம் கேட்கும். முதல் சாட்சி குழி வெட்டிய ஹன்ராஹன். இரண்டாவது சாட்சி எசேக்கியேல் புக்கரிட்ஜ்.

மெர்வினைக் கூப்பிட்டு அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

“அது மகனா இருக்கும்.”

“மகன் பேரு ஆல்பர்ட். வயசு மூணு. மேலேயே போட்டிருக்கு.”

“அப்போ குமாஸ்தா தப்பா எழுதியிருப்பான்.”

“அடக்கத்துக்கு ஆள் குறைஞ்சிருக்கும். வேலியோரம் வேடிக்கை பார்த்துட்டு நின்னவரைக் கூப்பிட்டுப் பேரு கேட்டிருப்பாங்க. பாவம், அவசரத்துக்கு வேற பேரு தோணல போலிருக்கு.”

அதோடு விடவில்லை நான். வடக்கே குயின்ஸ்லாந்து மாநில ஆவணங்களிலும் தேடி வைத்திருந்தேன். அதே பெயர், அதே அப்பா அம்மா, முன்னாள் தபால் வண்டிக்காரர். வெள்ளத்துக்கு முப்பது வருஷம் போல் கழித்து, ஆட்டுக்கறித் துண்டு தொண்டையில் சிக்கிச் செத்திருக்கிறார். வேறு மனைவி, ஒன்பது பிள்ளைகள்.

மெர்வினின் முகம் வெந்த பீட்ரூட் ஆனது. “இதை வெளியே சொல்லாதே.”

“நான் சொல்ல மாட்டேன். கூட்டத்துல அவங்களே படிச்சுட்டா?”

“அவங்களா? படிக்கிறதா?”

வரலாற்றைப் பற்றி அவன் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான கருத்து அதுதான்.

மன்றக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சான்று மேஜையைச் சுற்றி வந்தது. ஒருவர் தலைகீழாகப் பிடித்துத் தலையாட்டினார். ஒருவர் அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். தலைவி மட்டும் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்து, “கையெழுத்து எவ்வளவு அழகு!” என்றாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

செய்தி பத்திரிகையில் வந்தது. வம்சாவளி தேடுகிறவர்கள் பல் துலக்குவதற்கு முன்பே தங்கள் குடும்பப் பெயரைத் தேடிப் பார்க்கிற ஜாதி என்பதை மெர்வின் மறந்துவிட்டான்.

திறப்பு விழாவன்று, ரொட்டியில் சாஸேஜ் வைத்துக் கொடுக்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில் குயின்ஸ்லாந்துப் பேருந்து ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவருக்கும் கழுத்து இல்லை. முன்னால் வந்த கிழவி டல்ஸி கையில் சட்டம் போட்ட படம்: வெள்ளைத் தாடி, மடியில் பேரக்குழந்தை, அவருக்கும் கழுத்து இல்லை.

மெர்வின் கத்தரிக்கோலோடு பேசிக்கொண்டிருந்தான். “எங்க கொள்ளுத்தாத்தா இதே ஆத்துல தன் உயிரையே தியாகம் பண்ணினாரு!”

“அப்படியாப்பா?” என்றாள் டல்ஸி. மைக் இல்லாமலே அக்கரைக்குக் கேட்டது. “அப்போ எங்க கொள்ளுப்பாட்டி ஒம்பது பிள்ளையை யாருக்குப் பெத்தா?”

சாஸேஜ் புரட்டியவன் கரண்டியை நிறுத்தினான். தலைவி மெர்வின் பக்கம் திரும்பினாள். “மெர்வின், இந்தம்மா என்ன சொல்றாங்க?”

அவன் படத்தைப் பார்த்தான். தாத்தாவும் அவனைப் பார்த்தார். கண்ணாடியில் பார்ப்பது போலத்தான் இருந்திருக்கும்.

“மன்றம் ஏகமனதாத் தீர்மானம் போட்டாச்சு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அவரு இங்கதான் செத்தாரு.”

தான் படிக்காமல் கையெழுத்திட்டதை ஊர் முன்னால் ஒப்புக்கொள்வதைவிட ஒரு மனிதனை இரண்டு முறை சாகவிடுவது தலைவிக்குச் சுலபமாக இருந்தது. “ஆமாம், ஆமாம்,” என்று கை தட்டினாள். மற்ற உறுப்பினர்களும் தட்டினார்கள். மெர்வின் ரிப்பனை வெட்டினான். டல்ஸி படத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தன் கூட்டத்தோடு பாலத்தில் முதல் ஆளாக நடந்து போனாள்.