பதினாறு எண்ணிக்கை

"நாளைக்கு நீ ஊத வேணாம். வாயில வெச்சுக்கிட்டு நட, போதும்" என்று பேண்டு மாஸ்டர் சொன்னபோது, அவள் டிரம்பெட்டைக் கவிழ்த்து உள்ளே சேர்ந்திருந்த எச்சில் நீரை வடித்துக்கொண்டிருந்தாள். மேலுதட்டின் உள்பக்கம் பல் குத்தி ரத்தம் கசிந்தது.

"ஊதாம?"

"என் மச்சினன் மேடைக்குப் பின்னாடி நின்னு ஊதிடுவான். நின்ன இடத்துல ஊதினா சுரம் ஆடாது. பார்க்கிறவங்களுக்கு நீ ஊதற மாதிரியே இருக்கும்."

தீயணைப்பு நிலையத்தின் வண்டிக் கொட்டகையில் குழுவின் இருபது பேரும் நின்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஊதுவதும் அடிப்பதும்தான் பிழைப்பு. எல்லாரும் தங்கள் வாத்தியத்தைத் துடைப்பதில் மும்முரமானார்கள்.

தீயணைப்புத் துறையின் ஆண்டு அணிவகுப்பில் மேடையைக் கடக்கும்போது மற்ற வாத்தியங்கள் அடங்கிவிடும். ஒற்றை டிரம்பெட் மட்டும் ஒரே சுரத்தைப் பதினாறு எண்ணிக்கை பிடிக்கும். மூன்று வருடமாக அது அவளுடையது. நடந்துகொண்டே சுரத்தை ஆடாமல் பிடிப்பதை நுரையீரல் வேலை என்று நினைப்பார்கள். பாதி வேலை பாதத்தில் இருக்கிறது. குதிகாலை மெத்தென்று வைத்து, பாதத்தை விரல் நுனிவரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். கீழே கால்கள் நடப்பது இடுப்புக்கு மேலே தெரியவே கூடாது. அந்த நடையைப் பார்த்துத்தான் குழுவில் அவளுக்குப் 'பூனை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

புதிதாக வந்த அதிகாரிக்குப் பூனை நடை பிடிக்கவில்லை. பூட்ஸ் சத்தம் மேடைக்குக் கேட்க வேண்டும் என்றார். மாஸ்டர் 'சரிங்க ஐயா' என்றார். பத்து நாளாக எல்லாரும் தரையை உதைத்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் டிரம்பெட் பல்லில் மோதியது. சுரம் குண்டும் குழியுமான சாலையில் போகும் வண்டி மாதிரி குலுங்கியது. எல்லார் சுரமும்தான் குலுங்கியது. கூட்டத்தோடு ஊதினால் அது மறைந்துவிடும். தனியாக ஊதுகிறவள் எங்கே போய் மறைப்பாள்?

"மாஸ்டர், கால அடிச்சா மூச்சு உடையும். இத எனக்குச் சொன்னதே நீங்கதான்."

"அது அப்போ."

"இப்ப என்ன, காலுக்கும் வயித்துக்கும் நடுவுல சுவரா எழுப்பிட்டாங்க?"

பெரிய டிரம்காரர் களுக்கென்று சிரித்து, உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டார். மாஸ்டர் முகம் கறுத்தது.

"உன்னாலதான் ஆடுதுன்னு ஐயாகிட்ட சொல்லியாச்சு. இனிமே மாத்திப் பேச முடியாது."

வீட்டுக்கு வந்தவள் பையை ஒரு மூலைக்கும் செருப்பை ஒரு மூலைக்கும் எறிந்தாள். கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் நடந்ததை நாலே வார்த்தையில் கொட்டினாள். பிறகு ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வலது கையில் டிரம்பெட்டை எடுத்தாள்.

"எண்ணுங்க அத்தை."

"அதான் ஊதவே வேணாம்னுட்டாரே அந்த மனுஷன்?"

"எண்ணுங்கன்னா எண்ணுங்க!"

அவள் ஊதிக்கொண்டே கூடத்தைச் சுற்றி நடந்தாள். மாமியார் எண்ணினார். ஒன்பதில் ஒரு பட்டாணி கைதவறி உருண்டோடியது. அதைக் கட்டிலுக்கடியில் தேடிப் பிடித்த பிறகுதான் பத்து வந்தது. பதினாறு முடிந்தபோது அவள் கண்ணில் பூச்சி பறந்தது. தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"உங்க பதினாறு மத்தவங்க இருபத்தஞ்சுக்குச் சமம் அத்தை."

"பின்ன, பட்டாணிய விட்டுட்டு எண்ணச் சொல்றியா? உன் மாஸ்டர வரச் சொல்லு. அவருக்கும் எண்ணறேன். மூணுல நீலம் பாரிச்சுடுவாரு."

மறுநாள் காலை, மேடை நெருங்கியதும் முன்னால் நடந்த மாஸ்டர் கோலை இறக்கினார். வாத்தியங்கள் அடங்கின. பெரிய டிரம் மட்டும் எண்ணிக்கை தட்டியது. மேடைக்குப் பின்னாலிருந்து மச்சினனின் சுரம் வழுவழுவென்று எழுந்தது. அவள் ஊமை டிரம்பெட்டை உதட்டில் வைத்து, தரையை உதைத்தபடி நடந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

மேடையிலிருந்து அதிகாரி அவளைப் பார்த்தார். 'பரவாயில்லையே, சரியாகிவிட்டதே' என்பதுபோல மெல்லத் தலையசைத்தார்.

அந்தத் தலை நிமிர்வதற்குள் அவள் உதைப்பதை நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். குதிகாலை மெத்தென்று வைத்தாள், பாதத்தை உருட்டினாள், ஊதினாள்.

இப்போது இரண்டு டிரம்பெட்டுகள் ஒலித்தன. அதிகாரி மேடைக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பதினொன்றில் மச்சினனின் சுரம் தடுமாறி அறுந்தது. அவளுக்குப் பக்கத்தில் நடந்தவர் தரையை உதைப்பதை நிறுத்தினார். அடுத்து அவருக்குப் பின்னால் இருந்தவர்.

பெரிய டிரம் பதினாறு தட்டி முடித்தது. அவள் நிறுத்தவில்லை. அவள் நிறுத்தாமல் அடுத்த பாட்டைத் தொடங்க முடியாது. அதற்காக மாஸ்டர் தூக்கிய கோல் தூக்கியபடியே நின்றது. அவள் உதட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மோவாய்க்கு இறங்கியது.

அவளுக்குள் ஓடிய மாமியாரின் எண்ணிக்கையில் ஒன்பதுதான் ஆகியிருந்தது. பட்டாணி இன்னும் உருண்டுகொண்டிருந்தது.