கவிழ்த்து வைத்த பானை

உப்பு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரப்பில் ஓட்டமாக ஓடுகிற சாலமனுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றிடம்தான் பயம். சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்பு டியூப். நுனியில் லைட்டும் கேமராவும் வைத்து, வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பார்கள்.

அப்பாவும் பெரியண்ணன் அந்தோணிசாமியும் இரைப்பைப் புற்றுநோயில்தான் போனார்கள். இரண்டு பேருக்கும் சோறு இறங்காமல் போன பிறகுதான் நோயே தெரிந்தது. "உங்க குடும்பத்துல எல்லாரும் வருஷா வருஷம் டியூப் விட்டுப் பார்க்கணும். வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க" என்றார் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா. சாலமன் தலையாட்டினான்; ஆட்டியதோடு சரி. அவனை இழுத்துக்கொண்டு போனது தங்கச்சி சகாயமேரி. எதிர்வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், அவளுக்கும் உப்பளத்தில்தான் வேலை.

சுனாமி வந்த வருஷம் பங்குனியில் முதல் தடவை போனபோது கூத்துப் பண்ணியது அவள்தான். "ஏதாவது சாப்பிட்டியா?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "இல்லீங்க, நீராகாரம்தான் குடிச்சேன்" என்றாள். அவர்கள் ஊர் மரக்காணத்தில் நீராகாரத்தை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்? வெறும் வயிற்றில்தான் பார்க்க முடியும் என்று நர்ஸ் திட்டி, மறுநாள் வரச் சொன்னாள். மறுநாள் இரண்டு பேருக்கும் பார்த்ததில் ஒன்றுமில்லை.

அடுத்த பங்குனியில் அவள் உஷாராகிவிட்டாள். முதல்நாள் சாயங்காலமே தன் வீட்டுச் சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அண்ணன் வீட்டுக்கு வந்து அந்தப் பானையையும் கவிழ்த்தாள். சாலமன் மட்டும் லேசுப்பட்டவனா? விடிகாலையில் கொல்லைக்குப் போகிற சாக்கில் கூட்டாளி கொளஞ்சி வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு நீராகாரம் குடித்தான். பிறகு இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு பஸ் ஏறினான்.

ஆஸ்பத்திரியில் சகாயமேரி முதலில் போனாள். கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தான். கண்ணில் நீர் வழிய, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் படுத்திருந்தாள். அவன் முறை வந்ததும், "நீராகாரம் குடிச்சிட்டேன் சிஸ்டர்" என்றான். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நாளைக்கு இந்த ஜென்மத்தில் வராது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வெளியில் காத்திருந்தவளிடம், கொளஞ்சி வீட்டில் குடித்ததையும் திருப்பி அனுப்பியதையும் சொன்னான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"வேணும்னே குடிச்சியா?"

"பயமா இருக்குது மேரி. உள்ள பார்த்துட்டு, இருக்குதுன்னு சொல்லிட்டா?"

"சரி. நாளைக்கு வரைக்கும் இங்கயே இருப்போம்."

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே. போய் சாப்பிடும்மா."

"உனக்கு டியூப் இறங்காம எனக்கு சோறு இறங்காது. அப்பாவும் பெரியண்ணனும் ஒரு வாய் சோறு முழுங்க முடியாம கிடந்ததைப் பார்த்தவ நான். உன்னையும் அப்படிப் பார்க்கிறதுக்கு, நானே பட்டினி கிடந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தாள். அவன் வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தை அவனிடமே திருப்பித் தந்தாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். அவனுக்கும் இட்லி இறங்கவில்லை. பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரே சொல்லும். அந்தப் பிடிவாதத்துக்குள் இருந்த பிரியம் அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. இப்படி ஒரு பிறவி தனக்குத் தங்கச்சியாக வாய்த்ததே என்று கண் கலங்கினான்.

மறுநாள் டியூப் இறங்கியது. குமட்டியது, கண்ணைக் கட்டியது, முடிந்தது. துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சிவந்த திட்டு தெரிந்தது. கிள்ளி எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்தான். ஆனால் மேலாகவே இருந்தது, ஆழத்துக்கு இறங்கவில்லை. வயிற்றைக் கிழிக்காமல் அதே டியூப் வழியாக அதை வெட்டி எடுத்தார்கள். "வலி வந்த பிறகு வந்திருந்தா இவ்வளவு சுலபமா முடிஞ்சிருக்காதுப்பா" என்றார் டாக்டரம்மா. சாலமன் தங்கச்சியைப் பார்த்துக் கும்பிட்டான். "போடா" என்று முதல்முறையாக அவனை 'டா' போட்டுப் பேசிவிட்டு அவள் அழுதாள்.

அடுத்த பங்குனி. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் சாயங்காலம் சகாயமேரி அளத்திலிருந்து வந்து பார்த்தால், அவள் வீட்டுப் பானை ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்தது. வாசலில் சாலமன் நின்றிருந்தான்.

"என் வீட்டுதும் கவிழ்த்தாச்சு. நாளைக்கு நான்தான் முதல்ல உள்ள போவேன்" என்றான். அவள் சந்தேகமாகப் பார்த்ததும் சேர்த்துச் சொன்னான்:

"கொளஞ்சி வீட்டுப் பானையையும் கவிழ்த்துட்டுத்தான் வர்றேன்."