முந்திப் பிறந்த தம்பி

“துண்டைக் கீழ வைடா! அது மூத்தவனோட துண்டு!”

“நான்தான் மூத்தவன். லண்டன்லயே அச்சடிச்சுட்டான். கண்ணு இருந்தா படி!”

தாய்வோவின் ஒரு கையில் ஆட்டுத்தொடைத் துண்டு, மறு கையில் புத்தகம். எதிரே கெஹிந்தே, அமாலாக் களியில் அளைந்த விரல்களோடு. எங்கள் மொகோலா வளவின் ஆறு குடித்தனமும் வெளியே வந்துவிட்டது. நான் துணி எடுக்க வந்தேன். துணியை நேற்றே எடுத்தாயிற்று, அது வேறு விஷயம்.

இபாதானில் இரட்டையர் பிறந்தால் முதலில் வருபவன் தாய்வோ, அடுத்து வருபவன் கெஹிந்தே. பின்னால் வந்தவன்தான் மூத்தவன். “உலகம் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லு” என்று உள்ளே இருந்தபடி தம்பியை அனுப்பி வைத்தவன் அவனல்லவா? அனுப்புகிறவன் பெரியவன், போகிறவன் சின்னவன். இதில் ஊரில் எவருக்கும் சந்தேகம் கிடையாது. தாய்வோவுக்கு மட்டும், பெரிய துண்டு அண்ணன் தட்டுக்குப் போகும்போதெல்லாம், முப்பத்து நான்கு வருடமாகச் சந்தேகம்.

அந்தப் புத்தகம் லண்டனில் வந்த ஒரு கதைத் தொகுப்பு. அதில் ஒரு கதை, கோடி அறையில் குடியிருந்த இபிதுன் எழுதியது. பகலில் அவள் அச்சகத்தில் இழவுக்கு அச்சிடும் நினைவு மலர்களைப் பிழை திருத்துவாள். இறந்தவருக்கு ஒரு வயது கூடிவிட்டால்கூட ஓடுகிற இயந்திரத்தை நிறுத்திவிடுவாள். வீட்டுக்கு வந்தால் கதையில் இபாதானிலிருந்து நட்சத்திரங்களுக்குக் கப்பல் விடுவாள். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. வந்த மாப்பிள்ளைகளெல்லாம் கப்பல் சத்தம் தாங்காமல் ஓடினார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அட்டையில் தன் பெயர் மட்டும் இருக்கிற ஒரு புத்தகம். இந்தத் தொகுப்பில் அவள் கதை எடுபட்டால் அதையும் போடுவதாக லண்டன் பதிப்பகத்தார் எழுதியிருந்தார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், சுவர் மெல்லியது.

புதுக் கிரகத்தில் இறங்கும் இரட்டையர் கதை அது. ‘மூத்தவன் தாய்வோ முதலில் இறங்கினான்’ என்று அதில் அச்சாகியிருந்தது. தாய்வோ அதைத்தான் மூன்றாம் முறையாக உரக்க வாசித்தான்.

வீட்டுக்காரி வந்துவிட்டாள். இரட்டையரைப் பெற்றவள், ஹஜ்ஜுக்குப் போய் வந்ததிலிருந்து எங்களுக்கெல்லாம் அல்ஹாஜா. மகன் கையிலிருந்த துண்டைப் பிடுங்கித் தானே ஒரு கடி கடித்துக்கொண்டு இபிதுனைப் பார்த்தாள்.

“தப்பு அவங்க பண்ணினதா, நீ பண்ணினதா?”

இபிதுன் முழங்காலிட்டாள். “நான் சரியாத்தான் எழுதினேன், அல்ஹாஜா. முதல்ல பொறந்தவன்தானே மூத்தவன், மாத்திட்டோம், ஆட்சேபம் உண்டான்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“இல்லைன்னுட்டேன். புத்தகம் கைவிட்டுப் போயிடுமோன்னு பயம்.”

“செத்தவன் வயசுக்கு அச்சாபீஸ்ல மல்லுக்கு நிக்கிறவ நீ! உசுரோட இருக்கிற என் பிள்ளைங்க வயசை வித்துட்டியேடி?”

அதற்கு மேல் அல்ஹாஜா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எங்களுக்கும் பொழுது போயிருக்கும், இபிதுனுக்கும் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் இபிதுன் லண்டனுக்கு எழுதினாள். அடுத்த பதிப்பில் திருத்துங்கள், இல்லையென்றால் என் கதையை எடுத்துவிடுங்கள் என்று. மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது: வாசகர்கள் குழம்புவார்கள், ஆகவே கதையை எடுத்துவிடுகிறோம். தனிப் புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாள் அவள் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் நான் பயற்று மாவில் ஒரு தட்டு மொய்மொய் அவித்துக்கொண்டு போனேன். பாதி பரிவு, பாதி செய்தி சேகரிப்பு.

“தின்னுடி. புத்தகம் போனா என்ன, பல்லு போகலையே.”

“அக்கா, நானே ஒரு பத்திரிகை ஆரம்பிக்கப் போறேன்” என்றாள், வாய் நிறைய மொய்மொய்யோடு.

அல்ஹாஜா மரவள்ளி மாவு மூட்டைகளை நகர்த்தி வாசல் அறையைக் காலி செய்து கொடுத்தாள். அக்ராவிலிருந்தும் கம்பாலாவிலிருந்தும் கானோவிலிருந்தும் கதைகள் வந்தன. ‘எவனுக்காகவும் எங்கள் வழக்கத்தை மாற்றமாட்டோம்’ என்று இபிதுன் சுவரில் எழுதி ஒட்டினாள். அச்சகத்தில் இயந்திரம் சும்மா இருந்த ஞாயிறுகளில் முதல் இதழ் முந்நூறு பிரதி ஓடியது. மறுநாள் அனுப்ப வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து வாசலில் சத்தம். நீளத் தொப்பி, பேருந்துப் புழுதி, கையில் இபிதுன் அனுப்பிய மாதிரிப் பிரதி.

“யாரும்மா இங்க ஆசிரியர்? என் ஹசனைத் தம்பியாக்கினது யாரு?”

வடக்கே கானோவிலிருந்து வந்த நூஹு. மேகம் விற்கும் இரட்டையரைப் பற்றிக் கதை அனுப்பியிருந்தவர்.

“நான்தான் திருத்தினேன்” என்றாள் இபிதுன். “முதல்ல பொறந்தவனை அண்ணன்னு போட்டிருந்தீங்க. கைப்பிழைன்னு நெனச்சேன்.”

“கைப்பிழையா! எங்க பக்கம் முதல்ல வர்றவன் ஹசன், அவன்தான் அண்ணன். அடுத்து வர்றவன் ஹுசைனி, தம்பி. ஆட்டைக் கேட்டாக்கூடச் சொல்லுமே!”

பின்கட்டிலிருந்து தாய்வோ ஓடி வந்தான். “என்ன சொன்னீங்க ஐயா? இவன் காதுல விழற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க!”

இபிதுன் சுவரில் ஒட்டியதைப் பார்த்தாள். “லண்டன்காரங்க கேக்கவாவது கேட்டாங்க” என்றாள்.

“விடு, இங்க யாருக்குத் தெரியப் போகுது?” என்றான் கெஹிந்தே. சொல்கிறவன் யார் பாருங்கள்.

“இவருக்குத் தெரியுதே” என்றாள் அவள். கட்டுகளைப் பிரித்து, பேனா எடுத்து, முதல் பிரதியோடு உட்கார்ந்துவிட்டாள். பிரதிக்குப் பதினோரு இடம். சற்று நேரத்தில் வளவே பேனாவோடு உட்கார்ந்தது. நூஹுவும் திட்டிக்கொண்டே ஐம்பது பிரதி முடித்தார். எல்லோரையும்விட வேகம் தாய்வோதான். ‘தம்பி’யை அடித்து ‘அண்ணன்’ என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் கெஹிந்தேவைப் பார்த்துக்கொள்வான்.

கையால் திருத்திய அந்த இதழுக்கு லாகோஸில் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் உண்டானார்கள். சுவரில் ஒட்டிய வாசகம் மாறியது: ‘கேட்டுவிட்டுத் திருத்து.’ இரண்டு வருடம் கழித்து, இழவு மலர் அடித்த அதே இயந்திரத்தில், இபிதுன் பெயர் மட்டும் அட்டையில் போட்ட புத்தகம் வந்தது. அதில் கெஹிந்தேதான் மூத்தவன்.

நூஹுவுக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். அந்த மனுஷன் என் பேச்சைக் காப்பாற்றவில்லை, ஊரில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டார். இபிதுன் அதே கோடி அறையில்தான் இருக்கிறாள். கப்பல் சத்தம் இன்னும் கேட்கிறது. கெஹிந்தே அச்சகக்காரர் மகளைக் கட்டினான். தாய்வோ, பத்திரிகைக் கட்டோடு கானோ போனவன், நூஹுவின் சித்தப்பா மகளைப் பெண் கேட்டுவிட்டான்.

கானோவில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு நாங்களும் போனோம். பந்தியில், “யாரு மூத்தவர்?” என்று கேட்டார்கள். “முதல்ல பொறந்தவன்” என்றான் தாய்வோ. பெரிய துண்டு அவன் தட்டில் விழுந்தது. கெஹிந்தே அம்மாவைப் பார்த்தான்.

“பேசாம தின்னு” என்றாள் அல்ஹாஜா. “உலகத்தைப் பாத்துட்டு வான்னு நீதானடா அனுப்பின.”

பார்க்கப் போனவன் பிறகு இபாதானுக்குக் குடிவரவே இல்லை.