ஒன்பதாம் எண் டைல்

மாமனாருக்கு அந்த அறையில் முதலில் கண்ணில் பட்டது அழுக்குதான். முப்பத்தொரு வருடம் ஹோட்டல் சமையலறையை மேற்பார்வை பார்த்தவர். தட்டில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். மருமகள் வேலை பார்க்கும் இந்தக் கடல் ஆய்வு நிலையத்தில், ஜன்னலோரத் தொட்டியில், உள்ளங்கை அகல டைல் ஒன்று கிடந்தது. அது வெள்ளை டைல் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. பச்சையும் பழுப்புமாய்ப் பாசி, நடுவே சொரசொரவென்று என்னென்னவோ.

அவர் வந்ததே ஆவல் தாங்காமல்தான். மருமகள் வாரத்தில் ஐந்து நாள் இங்கேயே தங்கிவிடுகிறாள். "அப்படி என்னதான்டா பாக்கறா கடல்ல?" என்று மகனைக் கேட்டால், "நீங்களே போய்ப் பாருங்களேன்" என்பான். கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை, "மீன் எண்ணற வேலைக்கெல்லாம் ஒரு சம்பளமா?" என்று அவள் காதுபடவே சொல்லியிருந்தார். அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சிரிப்பு மூன்று வருடமாக அவருக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. இன்று காலை அவள் தொட்டி தொட்டியாகக் காட்டியபோது கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். குழாயில் உப்பு அடைக்காதா? இந்த நண்டுக்கு யார் சாப்பாடு போடுவது? அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். பிறகு படகு வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, "ஒரு அரை மணி நேரம் மாமா, உக்காருங்க" என்று ஓடினாள்.

உட்கார்ந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பாவம், ஒருத்தி எத்தனை வேலைதான் பார்ப்பாள்? வாளி இருந்தது, பிரஷ் இருந்தது. சோப்புதான் கிடைக்கவில்லை. குழாயில் வந்ததும் கடல் தண்ணீர்தான்.

அவள் திரும்பியபோது டைல் பளபளவென்று துணிமேல் காய்ந்துகொண்டிருந்தது. அதில் செதுக்கியிருந்த ஒன்பது என்ற எண்கூடத் துலக்கமாகத் தெரிந்தது.

"எப்படி?" என்றார் பெருமையாக.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாமா... அது அழுக்கு இல்ல."

"பின்ன?"

"வெறும் டைலத்தான் கடல்ல தொங்கவிட்டோம். ஆறு மாசத்துல யார் யார் வந்து குடியேறறாங்கன்னு பாக்க. மொத்தம் பத்து டைல். இன்னிக்கு இத எண்ணலாம்னுதான் எடுத்து வெச்சிருந்தேன்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. டைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது. ஆறு மாத உழைப்பை இருபது நிமிடத்தில் தேய்த்துத் தள்ளியாகிவிட்டது.

"தேச்ச தண்ணி எங்க மாமா? கொட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. வண்டல் அடங்காம ஊத்தினா குழாய் அடைச்சுக்கும். ஹோட்டல் பழக்கம்." வாளி மேசைக்கடியில் இருந்தது.

அவள் சல்லடை எடுக்க ஓடினாள். "எது எந்த இடத்துல இருந்துச்சுன்னு இனிமே தெரியாது. எத்தனை பேர் இருந்தாங்கன்னாவது பாக்கலாம்."

சல்லடையில் தங்கியதை இரண்டு மணி நேரம் இருவரும் இடுக்கியால் பொறுக்கினார்கள். பிறகு அவள் பதிவேட்டைத் திறந்து, 'எண் 9, தவறுதலாகத் தேய்க்கப்பட்டது' என்று எழுதி நிறுத்தினாள்.

"யாருன்னு எழுதணுமாம்மா?"

"எழுதணும் மாமா. யாரு, எதால, எவ்வளவு நேரம்னு. பின்னாடி படிக்கறவங்களுக்குத் தெரியணும். உதவியாளர்னு வேணா போட்டுடறேன்."

அவர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "பொய் எதுக்கு? மாமனார்னே போடு. நைலான் பிரஷ். இருபது நிமிஷம். நல்லா அழுத்தித் தேச்சார்னும் போடு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அந்தப் பழைய சிரிப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"இங்க வாங்க மாமா," என்று நுண்ணோக்கியைக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். வாளியிலிருந்து பொறுக்கிய உடைந்த சிப்பித் துண்டொன்றில், குண்டூசித் தலையளவு இருந்த வெள்ளைக் கூம்பு இப்போது மலையாகத் தெரிந்தது. அதன் உச்சி மெல்லத் திறந்தது. உள்ளிருந்து இறகு போல ஒரு கை நீண்டு, தண்ணீரைத் துழாவிவிட்டு உள்ளே போனது. மறுபடி நீண்டது.

"என்னம்மா தேடுது?"

"சாப்பாடு."

அவர் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய இடது கை மட்டும் மேசையில் தடவிப் பிரஷ்ஷைக் கண்டுபிடித்து, எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தது.