அத்தை எழுதிய அட்டை

அந்த லிஃப்ட் பச்சையா சாம்பலா என்று கேட்டால் எனக்குத் தடுமாற்றம்தான். பச்சை என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அதே கட்டடத்தில் குடியிருந்த ஒருவர், "அது எப்பங்க பச்சையா இருந்துச்சு?" என்று சிரித்ததிலிருந்து நிறமே நினைவில் நிற்பதில்லை. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதும் சில இடங்களில் மாறியிருக்கலாம். லிஃப்டுக்குள் பொத்தான்களுக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையில் என்ன எழுதியிருந்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

"கதவச் சாத்துங்க. மேல ஒருத்தி நிக்கிறா."

மேலே நின்றவள், கட்டடமே அத்தை என்று கூப்பிட்டவள். சிறு வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனவள். சமதரையில் கைத்தடியை ஊன்றி மற்றவர்களைவிட வேகமாகவே நடப்பாள். படிக்கட்டு மட்டும் ஆகாது. அப்படிப்பட்டவள் எதற்கு ஐந்தாம் மாடியில் தனியாக வீடு பிடித்தாள் என்று கேட்டவர்களிடம், "கீழ இருந்தா ஊரே வந்து உக்காந்துடும். அஞ்சாவது மாடின்னா நிஜமாவே என்னைப் பார்க்கணும்னு நினைக்கிறவங்கதான் வருவாங்க" என்பாள். ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை. அந்த நாற்காலிதான் அவளுக்கு எல்லாம். யார் வீட்டுச் சோற்றையும் எதிர்பார்க்காமல் இருக்கிறோம் என்ற நிமிர்வு அதிலிருந்து வந்தது.

லிஃப்ட் பழையது. கையால் இழுத்துச் சாத்த வேண்டிய கம்பிக் கதவு. இறங்குகிறவர்கள் அதைத் திறந்தபடியே விட்டுப் போனால் லிஃப்ட் அந்த மாடியிலேயே நின்றுவிடும். வேறு யார் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. அத்தை மேலே நின்று தடியால் கம்பியைத் தட்டுவாள். படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டி, "கதவு!" என்று கத்துவாள். எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட கட்டடத்தில் யார் காதில் விழும்? ஓரிரு முறை பகல் காட்சிக்குத் தாமதமாகப் போனபோது தியேட்டர் மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "கவுன்ட்டர் திறக்கலைன்னா ஜனங்க என் மேலதான் பாயறாங்க. இனிமே இப்படின்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்."

அன்றைக்குத் திரும்பி வந்தவள் ஒரு செருப்புப் பெட்டியின் மூடியைக் கிழித்து, கைக்கு அகப்பட்ட மார்க்கரால் அந்த இரண்டு வரியை எழுதி ஒட்டினாள். அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. எப்போதும் திறந்து போட்டுவிட்டுப் போகும் இரண்டாம் மாடி வக்கீல்கூடச் சாத்தினார்.

மூன்றாம் மாடியில் அத்தையின் அண்ணன் குடும்பம். அங்கே இரண்டாவது பெண்ணுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். கிராஃபிக் டிசைன் படித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆனால் பார்த்ததெல்லாம் போனில். அழகான போஸ்டர்கள், எழுத்துகள், வண்ணக் கலவைகள் என்று ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். ஒருநாள் ஆசிரியை எல்லா மாணவர்களின் சேகரிப்பையும் அச்செடுத்துச் சுவரில் வரிசையாகக் குத்தினாள். சின்னவளிடம் இருந்த அதே ஆரஞ்சு நிற அலை இன்னும் நாலைந்து பேரிடம் இருந்தது.

ஆசிரியை பேனா மூடியைக் கடித்தபடி வெகுநேரம் அதையே பார்த்தாள். "இது உன் கண்ணா, போனோட கண்ணா?" என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள்.

ஆண்டின் கடைசி வேலையாக ஆசிரியை சொன்னது இது: "நீங்க தினமும் கடந்து போற இடத்துல, யாரோ கையால செஞ்ச ஒரு பொருள். போட்டோ கூடாது. பொருளே வரணும். ஆளுக்கொரு சுவர், அதுல அதை வைக்கணும். வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து பார்த்து மார்க் போடுவார். சுவர் காலியா இருந்தா அடுத்த வருஷம் திரும்பப் படிக்கணும்."

சின்னவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தெருவில் நடந்தாள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கடைகள் கடைகளாகவே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. பெயின்ட் கடை வாசல் சுவரில் வாடிக்கையாளர்கள் தூரிகையைத் துடைத்துத் துடைத்து ஏறியிருந்த நிறங்கள். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் போட்ட வட்டங்கள். முடிதிருத்தும் கடையின் விலைப்பலகையில், விலை ஏற ஏற ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதில் எண்கள் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றன. அந்தப் பலகையைக் கேட்டாள்.

"குடுத்துட்டு ரேட்டை என் நெத்தியில எழுதிக்கவா?" என்றார் கடைக்காரர். நாற்காலியில் இருந்தவர் சோப்பு நுரையோடு சிரித்தார்.

வெறும் கையோடு வீடு திரும்பி லிஃப்டில் ஏறியபோதுதான் அட்டையைப் பார்த்தாள். தினமும் பார்த்தது; அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. முதல் எழுத்து முஷ்டி மாதிரி பெரியது. போகப் போக எழுத்துகள் ஒடுங்கின. இடம் போதாமல் கடைசி எழுத்து கீழே சறுக்கி மூலையில் தனியாக நின்றது. மார்க்கர் தீர்ந்த இடத்தில் அத்தை அழுத்தி அழுத்தி எழுதியதில் அட்டையே பள்ளம் விழுந்திருந்தது. சின்னவள் மூன்றாம் மாடியைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போய், மறுபடியும் கீழே வந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அதை உரித்து எடுத்தாள். சும்மா எடுக்கவில்லை, தானே ஒன்று செய்து மாட்டினாள். கரும் நீலத்தில் ஒழுங்கான எழுத்து, கதவின் சிறு படம், அம்புக்குறி. "லிஃப்டின் கதவை மூடவும். நன்றி." அத்தைக்கு நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தாள்.

"யாருடி இந்த ஆஸ்பத்திரி போர்டை மாட்டினது?" என்று அன்று மாலையே அத்தை கேட்டாள்.

"நான்தான் அத்தை. உங்களோடது காலேஜுக்குப் போயிடுச்சு. அது கலை."

"எதுடி கலை? இந்தக் கையெழுத்துக்குத்தான் ஸ்கூல்ல முட்டி போட வெச்சாங்க." ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "சரி மருமகளே, அத்தை பேரைக் கீழ போடு. பேரு போடாம தூக்கிட்டுப் போனா அது திருட்டு."

கல்லூரியிலும் பிடித்துப்போயிற்று. ஆசிரியை அட்டையைக் கையில் வாங்கி, "இதுல ஒரு ஆள் இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். சின்னவளுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

கட்டடத்தில் கதவு மறுபடியும் திறந்தே கிடந்தது.

அத்தை ஒரு நாள் தாமதமானாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தாராம். சின்னவள் ஓடிப்போய், "அத்தை, அதே மாதிரி இன்னொண்ணு எழுதிடுங்க" என்றாள். அத்தை உற்சாகமாக உட்கார்ந்தாள். கலை என்று தெரிந்துவிட்டதல்லவா? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். மூன்று நிறங்கள். நாலு மூலையிலும் பூ. எழுத்துகள் பள்ளிப் பிள்ளைகள் போல வரிசையாக நின்றன. சின்னவளின் போர்டை எடுத்துவிட்டு இதை மாட்டி, தள்ளி நின்று ரசித்தாள்.

கதவை யாரும் சாத்தவில்லை. அத்தை இரண்டாவது முறையும் தாமதமானாள். கவுன்ட்டரில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அன்று முழுவதும் அத்தை பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள். "இன்னொரு தடவைன்னா அந்தப் பொண்ணே பார்த்துக்கட்டும்" என்றாராம் மேனேஜர்.

சின்னவளிடம் இதைச் சொன்னபோது அத்தை அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. தன் தடியின் ரப்பர் முனையைத் திருகிக்கொண்டிருந்தாள். சின்னவள் எதிரே இருந்தாள். கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். மார்க் வரட்டும், அப்புறம் தருகிறேன் என்று சமாளித்திருக்கலாம். கேட்காதவளிடம் என்ன சொல்வது?

மதிப்பீட்டு நாள் காலையில் வெளியாள் வருவதற்கு முன்பே சின்னவள் தன் சுவரிலிருந்து அட்டையைக் கழற்றினாள்.

"எங்கே எடுத்துட்டுப் போற?" என்றாள் ஆசிரியை.

"லிஃப்டுல ஒட்டணும் மேடம்."

"அவர் இப்ப வந்துடுவார்."

"தெரியும் மேடம். போட்டோ இருக்கு, வைக்கட்டுமா?"

"போட்டோ கூடாதுன்னு சொன்னதே நான்தானே? எல்லாருக்கும் ஒண்ணு, உனக்கு ஒண்ணா?" ஆசிரியை குரலைத் தாழ்த்தினாள். "அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல மேடம். அதான்."

ஆசிரியை பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். வழியை விட்டு விலகி நின்றாள்.

சின்னவள் கட்டடத்துக்குப் போனபோது லிஃப்ட் இரண்டாம் மாடியில் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. பூப்போட்ட அட்டையை எடுத்துவிட்டுப் பழையதை ஒட்டினாள். வக்கீல் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார்.

"வந்துடுச்சா பழசு?" என்றார்.

"சார், நான் மாட்டின நீல போர்டுல என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லம்மா. பேங்க்ல ஒட்டியிருப்பாங்களே, அந்த மாதிரி. அதெல்லாம் யாரு நமக்குச் சொல்றதா எடுத்துக்கறாங்க?" அட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இது திட்டுது. நீ மொதல்ல மேல போம்மா, நான் அப்புறம் போறேன்."

ஐந்தாம் மாடியில் அத்தை கம்பியைத் தட்டாமல், கத்தாமல், கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாகவோ. உள்ளே வந்து அட்டையைப் பார்த்தாள்.

"மார்க் போட்டாச்சா?"

"இல்ல."

"பின்ன எதுக்குடி எடுத்துட்டு வந்த, பைத்தியக்காரி?"

சின்னவள் பொத்தானை அழுத்தினாள். கீழே போய்ச் சேரும்வரை அத்தையின் கை அவள் தோளில் இருந்தது; தடிக்குப் பதிலாகவா வேறு எதற்காகவா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை.

அன்றும் அத்தை தாமதமாகத்தான் தியேட்டருக்குப் போனாள். ஓடாத படம், கவுன்ட்டர் முன்னால் ஈ காக்கை இல்லை. மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் சத்தமில்லாமல் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வயதாகி ஓய்வு பெறும்வரை அதில்தான் இருந்தாள். சின்னவள் அந்தப் பாடத்தில் தேறவில்லை. அடுத்த ஆண்டு திரும்பப் படித்துச் சுமாரான மார்க்கில் முடித்தாள். இப்போது மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை வடிவமைக்கிறாள். ஆசிரியை வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். வக்கீல் மகளோடு இருக்கப் போனார். லிஃப்டை மாற்றியபோது தானே மூடும் கதவு போட்டார்கள். பழைய இரும்போடு அட்டையும் போயிற்று. அத்தை இன்னும் ஐந்தாம் மாடியில்தான் இருக்கிறாள்.