முட்களைப் பார்த்துச் சொல்பவள்

...இன்றைக்கும் அதே பொய்யைத்தான் சொல்லப் போகிறோம், வேறென்ன, வாய் பழகிப்போய்விட்டது, என்று நினைத்துக்கொண்டே நிலாணி சாரதி இருக்கையிலிருந்து காரை ஸ்டார்ட் பண்ணும் திறப்பில் கையை வைத்தாள், என்ஜினுக்கு மேல் திறந்து நிற்கும் பொனற் மூடி முன்கண்ணாடி முழுவதையும் மறைக்கிறது, அதன் கீழ் இடுக்கால் தெரிவது தங்கை சாம்பவியின் கைகள் மட்டுந்தான், விரல் முட்டியில் புதிதாய் ஒரு வெட்டு, நகக்கண்ணெல்லாம் கிரீஸ், ஆனாலும் என்ன அழகான கைகள்... "அடியுங்கோ அக்கா" என்ற குரல் வந்ததும் திறப்பைக் கடைசிவரை திருப்பினாள், அறுபத்தொன்பதாம் ஆண்டுக் கார் ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது, கராஜ் சுவரில் சாத்தியிருந்த பனி தள்ளும் சவளும் சேர்ந்து அதிர்ந்தது, டாஷ்போர்டில் எண்ணெய், வெப்பம், பெற்றோல் என்று அளவு காட்டும் மூன்று முட்களும் எழும்பின, திறப்பை விட்டாள், விட்ட கணமே என்ஜின் செத்தது, மூன்று முட்களும் ஒன்றாகப் பொத்தென்று விழுந்தன. "எந்த முள் விழுந்தது?" "ரெம்பரேச்சர் மட்டும்," என்றாள் நிலாணி. எவ்வளவு சுலபமாக வருகிறது பார், தண்ணீர் குடிக்கிறமாதிரி.

இந்தப் பொய்யின் பெறுமதியைச் சொல்லித் தந்ததே சாம்பவிதான், அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. குளிர்காலப் பனி கரைந்த உடனேயே கராஜுக்குள் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, "ஒரு முள்ளு மட்டும் விழுந்தா அது அந்த முள்ளின்ர பிரச்சினை, மூண்டும் ஒண்டா விழுந்தா எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கிற இடத்தில பிழை, அப்ப என்ஜின் நிக்கிறதும் அதாலதான், வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள், அதற்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டில்தான் நாட்கணக்கில் ஓடவேண்டிய கல்கரி நகரத்துக் கதையும் வந்தது, அங்கே பழைய கார் மட்டும் திருத்தும் ஒருவன் இவளுடைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறான், "கார் ஒழுங்கா ஓடினா அதிலயே போயிடுவன், ஓடாட்டி இஞ்சதான், உங்கட புட்டுத்தான்" என்று சிரித்தாள், நிலாணியும் சிரித்தாள், இந்த வோபர்ன் வீட்டில் இருக்கிறதே இரண்டு பேர், அதில் ஒருத்தி போனால் மற்றவள் யாருக்குப் புட்டு அவிக்கிறது, இதைச் சொல்ல வாய் வரவில்லை, அடுத்த நாள் முள்ளைப் பற்றிய பொய் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு, என்ஜினுக்குப் பொறி கொடுக்கும் கொயில் மாறியது, வயர்கள் மாறின, நல்லாயிருந்த வெப்ப சென்சரைக் கழற்றிப் புதுசு போட்டாள், இப்போது இலைகளும் நிறம் மாறத் தொடங்கிவிட்டன.

மூன்று வயதில் நிலாணியின் இடுப்பில் ஏறி பியர்சன் விமானநிலையத்தில் வந்திறங்கிய பிள்ளையா இது என்று சிலவேளை வியப்பாயிருக்கும்... கழற்றும் ஆணிகளை முட்டைப் பெட்டியில் வரிசையாகப் போட்டு வைப்பாள், புது வயரென்றாலும் மீற்றர் வைத்து அளக்காமல் மாட்டமாட்டாள், பால் பெட்டியில் திகதி போட்டிருந்தாலும் மணந்து பார்த்துத்தான் குடிப்பாள், யார் எதைச் சொன்னாலும் தானே ஒருக்கால் பார்த்தால்தான் அவளுக்கு நித்திரை வரும். மில்லிக்கன் பிளாசாவில் சாமான் வாங்க வந்த பாலேஸ்வரி அன்ரி, "என்ன பிள்ளை, உன்ர தங்கச்சி எந்த நேரமும் காருக்குக் கீழதானாம்?" என்று முகத்தை நெளித்துக்கொண்டு கேட்டவள், போன குளிரில் ஹீட்டர் நின்ற தன் வான் வண்டியை எங்கே கொண்டுவந்து விட்டாள், இந்த கராஜ் வாசலில்தானே, சாம்பவி கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டாள், உள்ளே கையை விட்டாள், சூடு வந்துவிட்டது, அன்ரியின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்... அன்றைக்கு நெஞ்சு அப்படியே நிரம்பிப்போனது, இப்படி ஒருத்தியை ஒரு முள்ளைக் காட்டி இங்கேயே மறித்து வைத்திருக்கிறேனே, ஞாயிறு ஞாயிறாய் இல்லாத பிழையைத் தேடவிட்டு, கை வெட்டுப்பட விட்டு, நான் எல்லாம் என்ன அக்கா.

"இன்னொருக்கா அடியுங்கோ." திருப்பினாள், உறுமியது, விட்டாள், செத்தது, விழுந்தன. "எந்த முள்?" வாய் ரெம்பரேச்சர் என்று தொடங்கப்போனது, இடுக்கில் அந்த வெட்டுக் காயத்தைத் தங்கை சட்டையில் துடைப்பது தெரிந்தது, "மூண்டும்" என்றாள் நிலாணி, "மூண்டும் ஒண்டாத்தான் சாம்பு விழுது." இனிக் கேட்பாள், எப்ப தொடக்கம் என்று கேட்பாள், என்ன சொல்வது... "சரி" என்றாள் சாம்பவி, அவ்வளவுதான், பற்றரியைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கம் வந்தாள், நிலாணியின் முழங்காலடியில் தலையை நுழைத்துப் படுத்து, திறப்புக்குப் பின்னாலிருந்த, எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கும் சுவிச்சைக் கழற்றினாள், பிறகு ஜாக்கெட் பையிலிருந்து ஒரு சின்ன மட்டைப் பெட்டியை எடுத்தாள், புது சுவிச். ஆனால் பெட்டி புதிதில்லை, மூலைகள் நைந்து பஞ்சுபோலாகி, எழுத்துத் தேய்ந்து, மேலெல்லாம் கிரீஸ் விரல் அடையாளங்கள், ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பழையதும் புதியதும்... எவ்வளவு காலம் இது இந்தப் பையில் கிடந்தது? பால் திகதியை நம்பாதவள், இவ்வளவு நாளில் ஒருநாள்கூட இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கவில்லையே, இந்த இருக்கையில் இருந்து ஒருக்காலும் திறப்பைத் திருப்பிப் பார்க்கவில்லையே, அக்கா சொன்னதை மட்டும் கேட்டுக்கேட்டு நல்ல சென்சரைக் கழற்றினாளே.

பற்றரியைத் திரும்பப் பூட்டிவிட்டு "அடியுங்கோ" என்றாள், நிலாணி திருப்பினாள், உறுமியது, கை விட மறுத்தது, விட்டாள். நிற்கவில்லை. மூன்று முட்களும் எழும்பி அப்படியே நின்றன, சத்தம் கராஜை நிரப்பிக்கொண்டு வாசலால் தெருவுக்குப் போனது, எவ்வளவு கம்பீரமான சத்தம், இதைச் செய்தவள் என்ர தங்கச்சி... சாம்பவி பொனற்றைச் சாத்தினாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போதுதான் அவள் முகம் முழுதாகத் தெரிந்தது, கண் கலங்கியிருக்கிறதா, புகையா, நான் உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாளா, இல்லை, தனக்கும் போக மனமில்லாமல் சொல்லவே கூடாது என்றா... கேட்கலாம், இப்பவே கேட்கலாம், என்ஜினை நிறுத்தினால் ஒரு சொல்லில் கேட்டுவிடலாம். நிலாணி திறப்பில் கையை வைத்தாள், திருப்பவில்லை.