முகம் காட்டிப் பேசுகிறவர்கள்

பரிசோதனைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. நாள்காட்டியில் அந்தத் தேதியை அவள் வட்டமிடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் என்னவென்று கேட்பார்கள். மனதுக்குள் ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் கிரேன் ஓட்டுகிறவன். இரும்புக் கிடங்கின் கூரைக்கடியில் தொங்கும் கூண்டில் உட்கார்ந்து இருபத்தோரு வருடமாகத் தகடுகளைத் தூக்கி வைக்கிறான். தகட்டின்மேல் தகடு விழும் சத்தம் அவன் காதைத் தின்றுவிட்டது. ஒரேயடியாக அல்ல, எறும்பு வெல்லத்தைத் தின்பதுபோல. முதலில் மழை போயிற்று. பிறகு வாசல் மணி. பிறகு அவள்.

கிடங்கில் ஒருவனைத் தவிர யாருக்கும் தெரியாது. கீழே நிற்பவன் கையால் சைகை காட்டுவான், மேலே இருப்பவன் நகர்த்துவான்; காதுக்கு அங்கே வேலையே இல்லை என்பது கணவனின் கட்சி. "யாராவது கத்தினா?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள். "கத்துறவன் கையையும் ஆட்டுவான்," என்றான். அவள் வேலை பார்க்கும் சலவைக் கடையில் துணிகளுக்கு எண் சீட்டுக் குத்தும்போது சில சமயம் அது நினைவுக்கு வரும். கை அப்படியே நின்றுவிடும்.

காது கேட்காதவனை மேலே ஏற்றக்கூடாது என்பது விதி. இப்போது எல்லோருக்கும் முறைவைத்துக் காதுப் பரிசோதனை வைத்திருந்தார்கள்; தெரிந்தால் கீழே இறக்கிவிடுவார்கள். கீழே என்றால் துடைப்பம்.

தெரிந்த அந்த ஒருவன், கொக்கி மாட்டும் வேலை செய்து செய்து கொக்கி என்றே பெயராகிப்போனவன், பரிசோதனையை முதல் ஆளாக முடித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தான்.

"பயப்பட ஒண்ணுமில்ல தங்கச்சி. எதிர்ல ஒரு மேடம் உக்காந்து இருபது வார்த்தை சொல்லுது. திருப்பிச் சொல்லணும். கிளி கூட பாஸாயிடும்."

"கிளிக்குக் காது கேக்கும்ண்ணே."

எதிரில் உட்கார்ந்து. அதை மட்டும் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எதிரில் என்றால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் வாய் தெரியும்.

அன்று சாயங்காலமே தொடங்கினார்கள். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்தாள். சத்தம் அவள் காதில் மாட்டிய ஒயருக்குள்; படம் அவனுக்கு. திரையில் வாய் அசையும். அவன் சொல்வான். சரியென்றால் அவள் தலையாட்டுவாள்.

செய்தி வாசிப்பவள்தான் முதலில். நேர்முகம், நல்ல வெளிச்சம், உதடு மட்டும் அளவாக அசைகிறது. பத்துக்கு ஆறு பிடித்தான். மேடையில் நடந்துகொண்டே வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று பேசுகிறவன் இன்னும் எளிது. "ஒண்ணையே மூணு தடவ சொல்றான். செவிடனுக்குன்னே பொறந்தவன்," என்றான். கணக்கு வாத்தியார் பாதியை நம்மிடமும் மீதியைப் பலகையிடமும் சொன்னார். போன் பழுது பார்க்கிறவனுக்கு முகமே கிடையாது, இரண்டு கையும் ஒரு திருப்புளியும்தான். சமையல்காரி வாணலியைப் பார்த்தே பேசினாள். ஆனால் அவள் கரண்டி பேசியது, அதை வைத்துச் சமாளித்தான்.

மன்னிப்புக் கேட்கிற வீடியோக்கள் என்று ஒரு வகை இருந்தது. எவனோ எதையோ செய்துவிட்டு, தலையைக் குனிந்து, வாயைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிறான். உதடே சரியாகத் தெரியவில்லை. அவன் பத்துக்குப் பத்து சொன்னான்.

"எப்படிங்க?"

"எல்லாரும் ஒரே வசனத்தத்தானே சொல்றாங்க."

அவள் சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணப் போய், நிறுத்திக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற வீடியோவைப் போட்டாள். வாய்க்கு முன்னால் பூசணிக்காய் போல மைக். ஒருவன் தொடங்கியதை மற்றவன் முடிக்கிறான், இருவரும் கூரையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு அவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்தான். பத்துக்கு ஒன்றுகூட இல்லை. அந்தச் சிரிப்பை அவள் அறிவாள். உறவினர் வீடுகளில் இரண்டு வருடமாக அவன் சிரிக்கிற சிரிப்பு அதுதான்.

பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று பிடிபட்டது. யாரென்றே தெரியாத ஆயிரம் பேரிடம் பேசுகிறவன்தான் முகத்தைக் காட்டி, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறான். பக்கத்தில் தெரிந்தவன் இருந்தால் பாதியை முழுங்கிவிடுகிறான். வேண்டியவர்களுக்கு அது போதும்.

அப்படியென்றால் நான்?

மறுநாள் போனை அலமாரியில் சாய்த்துப் படம் பிடிக்க விட்டு, அவன் செருப்பைத் துடைத்துக்கொண்டிருக்க, வழக்கம்போல் வீட்டு வேலை பார்த்தாள். பத்து நிமிடம். பிறகு இருவரும் உட்கார்ந்து சத்தமில்லாமல் அதைப் பார்த்தார்கள். திரையில் ஒரு பெண் குழாயிடம் பேசினாள். அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசினாள். கொடியில் போர்வையை உதறிக்கொண்டு, போர்வைக்குப் பின்னால் நின்று நெடுநேரம் பேசினாள். பத்து நிமிடத்தில் ஒரு தடவைகூட அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"இந்தம்மா யாருகிட்ட பேசுது?" என்றான் அவன்.

"உங்ககிட்டதான்."

வீடியோவைப் பின்னுக்குத் தள்ளி, போர்வை வரும் இடத்தில் நிறுத்தினான். "இங்க என்ன சொன்ன?"

அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கீழே நிற்கிறவனுக்கும் பெண்டாட்டி இருக்கும், நீங்கள் தேறாமல் போனால்கூட நல்லதோ என்று தோன்றுகிறது, தோன்றியதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது என்று சொல்லியிருந்தாள்.

"போர்வை கிழிஞ்சிருக்குன்னு சொன்னேன்," என்றாள், முகத்தைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக.

"தச்சுக்கலாம்," என்றான்.

அதற்குப் பிறகு அவனிடம் செய்தி வாசிப்பவள்போலவே பேசத் தொடங்கினாள். தோளைத் தொட்டு, எதிரே போய் நின்று, வெளிச்சம் முகத்தில் படும்படி. சாப்பாடு ரெடி. நாளைக்கு வாடகை. சட்டையைக் கழட்டுங்க. எல்லாம் அவனுக்குப் புரிந்தது. ஆனால் தோளைத் தொட்டு எதிரே போய் நின்று சொல்லுமளவுக்கு ஒரு நாளில் என்னதான் இருக்கிறது? கடைக்கு வந்த பெண் கோட்டுப் பையில் பல்செட்டை மறந்துவிட்டுப் போனதை அப்படிச் சொல்ல முடியுமா? சொல்லிப் பார்த்தாள். புரிந்தது, சிரிப்பு வரவில்லை. மூன்றாம் வாரத்தில் செய்திவாசிப்பில் அவன் பத்துக்கு ஒன்பது. வீட்டில் பேச்சு நாளுக்கு ஏழெட்டு வாக்கியம்.

பரிசோதனையன்று அவள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூட வந்தாள். அலுவலகத்தின் மூன்றாம் மாடி. நடைவழியில் ஒரு பெஞ்சு. அறைக்குள் மேஜை மின்விசிறி. அதன் ஒயர் குறுக்கே கிடந்ததால் கதவை முழுதாகச் சாத்தவில்லை. அவனுடைய முதுகு தெரிந்தது; எதிரே பரிசோதனை செய்கிற பெண்ணும் தெரிந்தாள். இளம்பெண். திருத்தமான முகம், தெளிவான உதடு. பெஞ்சிலிருந்தவளுக்கு உயிர் வந்தது.

அந்தப் பெண் பெயர் கேட்டாள். சொன்னான். வயது. நாற்பத்தேழு. எந்தப் பிரிவு? சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பிறகு அந்தப் பெண் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே, "இனிமே நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லுங்க," என்றாள். நிமிர்ந்தாள். ஒரு தாளை எடுத்துக் கண்ணுக்குக் கீழே, வாய் மறையும்படி, முகத்துக்குக் குறுக்கே பிடித்தாள்.

"கதவு," என்றாள் தாளுக்குப் பின்னாலிருந்து.

மின்விசிறி சுற்றியது.

"கடல்."

பெஞ்சில் அவளுடைய உதடு கடல் என்றது. கொக்கி இந்தத் தாளைப் பற்றிச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லப்போகிறான்? காது கேட்கிறவனுக்கு அது வெறும் தாள்.

"ஊசி."

ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் அந்தப் பெண் பதிலுக்கு இடம் விட்டாள். அந்த இடங்களில் அவன் முழங்காலில் கை வைத்து, பெரியவர்கள் முன்னால் காத்திருக்கிற மரியாதையோடு உட்கார்ந்திருந்தான். அவள் எழுந்தாள். போய் என்ன சொல்வது? உட்கார்ந்தாள். இருபது சொல்லையும் அவள் கேட்டாள். பக்கத்தில் இருந்திருந்தால் இருபதையும் திருப்பிச் சொல்லியிருப்பாள்.

தாள் இறங்கியது. அந்தப் பெண் அவனை நேராகப் பார்த்தாள். "சரிங்க. நீங்க போகலாம்."

"நன்றி மேடம்," என்றான் உடனே.

வெளியே வரும்போது அவன் முகம் தெளிந்திருந்தது. பெஞ்சிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தான்.

"ஊதிப் பெருசாக்கிட்டான் அந்தக் கொக்கிப் பய. பேரு, வயசு, டிபார்ட்மென்ட், அவ்ளோதான். வார்த்தையெல்லாம் ஒண்ணும் கேக்கல. அப்புறம் அந்தப் பொண்ணு ஏதோ பேப்பரப் படிச்சுட்டு இருந்துச்சு. படிக்கட்டும்னு பேசாம இருந்தேன். போலாம்னுடுச்சு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் எதிரேதான் நின்றிருந்தான். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

"வா, வெளிய எதாவது சாப்பிட்டுப் போலாம்," என்று அவன் படியிறங்கத் தொடங்கினான். கைப்பிடியைத் தொடாமல், இளவட்டம்போல, இரண்டிரண்டு படியாக. அவள் மேல்படியிலேயே நின்றாள். அவன் முதல் திருப்பத்தை அடையும்வரை காத்திருந்து, அவன் முதுகைப் பார்த்து, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"ஏங்க, அந்தப் பொண்ணு படிக்கல, பேசுச்சு."